நாலு கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு செமஸ்டரா? மாணவர் கண்காட்சி பற்றிய இழை

புச்சோங் வாசகர் கேட்டது, பிப்ரவரி 11

போன வாரம் கோலாலம்பூர்ல ஒரு பல்கலைக்கழக நூலகத்துல தமிழ் மாணவர்கள் வெச்ச கண்காட்சிக்குப் போனேன். நாலு கண்ணாடிப் பெட்டி, உள்ள பழுப்பேறின காகிதம், பக்கத்துல மூணு மொழியில விளக்க அட்டை. அவ்வளவுதான். இதுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க வேலை பார்த்தாங்களாம். மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டா வீட்டிலிருந்தே பார்த்துட்டுப் போறோம். இன்னொண்ணு, ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியாத பிள்ளைங்க கையில அரிய ஆவணத்தைக் கொடுக்கிறது சரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 11, இரவு 10.40

இந்த மாதிரி வேலையில மாணவர்களோட நின்னிருக்கேன், பகுதிநேர விரிவுரையாளரா. எந்தப் பல்கலைன்னு சொல்ல மாட்டேன், கீழே எழுதப் போறதுல சிலது சில பேருக்குச் சுருக்குன்னு இருக்கும்.

நீங்க பார்த்த நாலு பெட்டி வேலையோட கடைசி வாரம். அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் வெளியே தெரியாது. நூலகங்கள்ல சிறப்புச் சேகரிப்புன்னு ஒரு பகுதி இருக்கும். இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கணும், பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். நன்கொடையா வந்த பெட்டிகள் அங்கே வரிசையா இருக்கும். பல பெட்டிகளைப் பற்றிப் பட்டியல்ல ஒரே ஒரு வரிதான் இருக்கும். எங்களுக்குக் கிடைச்ச பெட்டிக்கு இருந்த வரி: "இந்திய மொழி, பல்வகை". இந்த நாட்டுல நம்ம ஆளுங்க வாழ்க்கையில பாதி அந்த "பல்வகை"க்குள்ளதான் கிடக்கு.

மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 12, காலை 7.15

பெட்டிக்குள்ள இருந்தது: நாடக நோட்டீஸ் ஒரு கட்டு, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா மலர்கள், தோட்டத் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், துணிக்கடை ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள், அடியில ஒரு ரப்பர் தோட்டத்து செக்ரோல், அதாவது வருகைப் பதிவுப் புத்தகம். யார் கொடுத்தாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு. அதுல பேர் இருந்தது, ஊர் இல்லை.

பிள்ளைங்க ஒவ்வொண்ணையா எடுத்து என்ன, எந்த மொழி, எந்த அச்சகம், எத்தனை பக்கம், என்ன நிலைமைன்னு எழுதினாங்க. துருப்பிடிச்ச ஸ்டேப்ளர் ஊசி எங்கெங்க இருக்கு, செலோடேப் ஒட்டி எங்கே மஞ்சளாயிருக்கு, ராமபாணப் பூச்சி எங்கே அரிச்சிருக்கு, எல்லாம். கண்காட்சி முடிஞ்சதும் அந்தப் பட்டியல் நூலகத்துக்குப் போச்சு. இப்போ அந்தப் பெட்டிக்கு ஒரு வரி இல்லை, பல பக்கம். நாளைக்கு ஜொகூர்லேர்ந்து ஒரு ஆள் "தோட்ட நாடகம்"னு தேடினா அவருக்கு ஏதோ கிடைக்கும்.

இதுதான் என் பதில். கண்காட்சி ஒரு சாக்கு. பெட்டியைத் திறக்க வெக்கிற சாக்கு. பல நூலகங்கள்ல "பட்டியல் போடணும்"னு காசு கேட்டா வராது, "கண்காட்சி, திறப்புவிழா"ன்னா வரும்.

பிப்ரவரி 12, மதியம்

செந்தூல் அண்ணே ஒருத்தர் கேட்டிருக்கார்: "போட்டோவுல பிள்ளைங்க வெறுங்கையாலே தொடுறாங்களே, வெள்ளைக் கையுறை எங்கே?"

அது சினிமாவுல. காகிதத்துக்கு, கழுவித் துடைச்ச வெறுங்கைதான் நல்லது. துணிக் கையுறை போட்டா விரல்நுனியில உணர்ச்சி மழுங்கும், ஓரம் நைஞ்ச தாள் சிக்கிக் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரில் கையுறை, விரல் ரேகை படக்கூடாதுன்னு. கிரீம் பூசிக்கிட்டு வர்றது, நகத்துக்கு மருதாணி ஈரமா இருக்கும்போதே வர்றது, இதெல்லாம்தான் உண்மையான ஆபத்து. ஒரு பிள்ளை அக்கா கல்யாணத்துக்கு மறுநாள் வந்து நின்னது, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.

பிப்ரவரி 13, இரவு

ஸ்கேன் விஷயம்.

ஸ்கேன் வேண்டாம்னு யாரும் சொல்லலை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துல பழைய தமிழ் முரசு படிக்கலாம். எத்தனை ராத்திரி அதுல போயிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா நாளிதழுக்குத் தேதி இருக்கு, பேர் இருக்கு, பக்க எண் இருக்கு. வரிசைப்படுத்துறது சுலபம். பேரும் தேதியும் இல்லாத ஒரு துண்டறிக்கையை ஸ்கேன் பண்ணி என்னன்னு சேமிப்பீங்க? "ஐஎம்ஜி 0347"ன்னா? நாலாயிரம் படத்தை அப்படி ஏத்தி வெச்சா, பெட்டிக்குள்ள தொலைஞ்சது இணையத்துல தொலையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் பதிப்புரிமை. மலேசியச் சட்டத்துல எழுதினவர் இறந்து 50 ஆண்டு வரைக்கும் உரிமை நிக்கும். 1970-கள்ல வந்த பள்ளி மலர்ல எழுதின வாத்தியார் இன்னும் சிரம்பான்ல நல்லா இருக்கலாம். அவரைக் கேட்காம இணையத்துல ஏத்த முடியாது. பெட்டியில வெச்சுக் காட்டுறது வேற, நகலெடுத்துப் பரப்புறது வேற.

பழைய எழுத்தும் ஒரு தொல்லை. 1978-ல தமிழ்நாட்டு அரசாணை வர்றதுக்கு முன்னாடி அச்சான லை, னை, றா, னா எல்லாம் வேற உருவம். இந்தத் தலைமுறை அதைப் பார்த்ததே இல்லை. மென்பொருளும் தடுமாறும். எங்க பிள்ளைங்க முதல் நாள் ஒரு நாடக நோட்டீஸை வெச்சுக்கிட்டு முழிச்ச முழி! ஒருத்தன் அவன் பாட்டிக்கு வாட்ஸ்அப்ல படம் அனுப்பினான். பாட்டி குரல்பதிவுல கடகடன்னு வாசிச்சுட்டு, கடைசியில "இந்த நாடகத்துல ராஜபார்ட்டு போட்டவன் குடிகாரன்"னு சேர்த்துச் சொல்லிருச்சு. அதை விளக்க அட்டையில போட முடியலையேன்னு எங்களுக்கு இன்னும் வருத்தம்.

பிப்ரவரி 16

செக்ரோல் பற்றி மூணு பேர் கேட்டதால விரிவா.

தெரியாதவங்களுக்கு: காலையில பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு நடக்கும்போது யார் வந்தாங்க, யார் வரலைன்னு கிராணி (தோட்டத்து எழுத்தர்) குறிக்கிற புத்தகம் அது. இடப்பக்கம் பேர் வரிசை, மேலே 1-லேர்ந்து 31 வரைக்கும் நாள், கட்டம் கட்டமா குறி. முழுநாள், அரைநாள், வரலை. வலக்கடைசியில கூலி, அதுல முன்பணமும் அரிசிக்கணக்கும் கழிச்சது. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்குக் குறைச்சல். எழுதியிருக்கிறது ஆங்கிலத்துல. எங்க கையில இருந்தது 1950-களோட தொடக்கம், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால மலாயாவுல அவசரகாலம் நடந்துக்கிட்டிருந்த சமயம்.

கண்காட்சியில புத்தகத்துக்கு இருக்கிற பெரிய கஷ்டம் இதுதான்: எவ்வளவு தடியா இருந்தாலும் இரண்டு பக்கம்தான் காட்ட முடியும். எந்த இரண்டு? முதுகு வலுவிழந்த புத்தகத்தை முழுசா மல்லாத்தவும் முடியாது. நுரைத் தொட்டில்ல சாய்ச்சு வெச்சு, மெல்லிய பாலியெஸ்டர் பட்டையால பக்கத்தைப் பிடிச்சு நிறுத்தணும்.

மேற்பார்வைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் அட்டையைக் காட்டுங்கன்னார். அழகான துணிக் கட்டு, தோட்டத்துப் பேர் முத்திரை, போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும். பிள்ளைங்களுக்குள்ள இரண்டு கட்சி. ஒண்ணு, கழிவு அதிகமா இருக்கிற பக்கத்தைப் போடணும், சுரண்டல் தெரியணும்னு. இன்னொண்ணு, பேரெல்லாம் தெரியுதே, கடன் வாங்கினவங்க பேத்தி இன்னைக்கு வந்து பார்த்தா என்ன ஆகும்னு.

பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தப்போ ஒரு பொண்ணு ஒரு மாசத்துல நிறுத்தினா. 14-ஆம் தேதி கட்டம் மேலேர்ந்து பாதி வரைக்கும் வெறுமையா கிடக்கு. ஒருத்தருக்கும் குறி இல்லை. ஆனா கீழ்ப்பாதி பேருக்குக் குறி இருக்கு. உடனே ஊகம் பறந்தது. தீபாவளி? மாசம் பொருந்தலை. வேலைநிறுத்தம்? அப்போ கீழ்ப்பாதி ஏன் வேலைக்கு வந்தாங்க? ஊரடங்கு? அதுவும் எல்லாருக்கும்தானே.

கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து வந்த ஒரு பையன், அதுவரைக்கும் வாயே திறக்காதவன், "மழை"ன்னான்.

பட்டை நனைஞ்சிருந்தா மரம் சீவ முடியாது. சீவினாலும் பால் கோட்டுல நிக்காம தண்ணியோட வழிஞ்சு போயிரும், மங்குல, பால் பிடிக்கிற கிண்ணத்துல விழறதையும் மழை கரைச்சுரும். அதனால மேலே இருக்கிறவங்க மரம் சீவுற ஆளுங்க. கீழே இருக்கிறவங்க புல்லுவெட்டு. மழை விட்டதும் புல்லுவெட்டு நடக்கும். அடுத்த பக்கம், அதுக்கடுத்த பக்கம்னு பார்த்தோம். அதே மாதிரி வெறுங்கட்டங்கள், எல்லாமே மேல்பாதியில மட்டும், ஆண்டுக்கடைசி மாசங்கள்ல நெருக்கமா. மழைக்காலம் எப்போன்னு அந்தக் கட்டங்களே சொல்லுது. மழை பெஞ்சா கூலி இல்லைன்னு ஆயிரம் தடவை கேட்டிருக்கோம். ஒரு தாள்ல ஒரு வெள்ளைக் கோடா அதைப் பார்த்தது எனக்கு அன்னைக்குத்தான்.

அந்தப் பக்கத்தைத்தான் வெச்சாங்க. கடன் கழிவு இருக்கிற வலக்கடைசியை ஒரு துண்டு அட்டையால மறைச்சு, மறைச்சிருக்கோம்னும் விளக்கத்துல எழுதி. இரண்டு கட்சிக்கும் முழுத் திருப்தி இல்லை. பெரியவருக்குச் சுத்தமா இல்லை.

புச்சோங் ஐயா, "ஆராய்ச்சி தெரியாத பிள்ளைங்க"ன்னு கேட்டீங்களே. அந்தப் பையனோட கல்வித் தகுதி முதலாண்டு கணக்கியல்.

பிப்ரவரி 16, பின்குறிப்பு

ஒரே பொம்பளை பேரைக் கிராணி ஒரு மாசம் ஒரு மாதிரியும் அடுத்த மாசம் வேற மாதிரியும் ஆங்கிலத்துல எழுதியிருக்கார். பிள்ளைங்க முதல்ல இரண்டு முனியம்மான்னு நினைச்சாங்க. வரிசையில அதே இடம், அதே வேலைன்னு பார்த்தப்புறம் ஒருத்தியா ஆனாங்க.

பிப்ரவரி 20

"விளக்க அட்டை நாலு வரி எழுத ஒரு மாசமா"ன்னு யாரோ கேட்டிருக்கீங்க. நாலு வரி எழுதிப் பாருங்க. அறுபது எழுபது சொல்லுக்குள்ள, நின்னுக்கிட்டே படிக்கிற ஆளுக்குப் புரியுற மாதிரி, மலாய்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு, ஆங்கிலத்துல ஒண்ணு. முதல் வரைவுகள்ல எல்லாம் "நம் முன்னோர் இரத்தமும் வியர்வையும் சிந்தி". நான் போட்ட ஒரே விதி, இரத்தம், வியர்வை, கண்ணீர் மூணும் தடை. பெட்டிக்குள்ள இருக்கிற பொருள்ல கண்ணுக்குத் தெரியுற ஒண்ணை முதல் வரியில சொல்லணும். பாதிப் பேர் என்னை வெறுத்தாங்க.

எழுதி முடிச்சப்புறம் அச்சுக்கடை. அங்கே கணினியில போட்டதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிருச்சு. "தோட்டம்"ல இரட்டைக்கொம்பு தனியா ஒரு வட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கடைக்காரப் பையனுக்குத் தமிழ் தெரியாது, அவனுக்கு அழகாத்தான் இருந்தது. பெரிய அட்டை மொத்தமும் அடிச்சுட்டான். திறப்புவிழாவுக்கு முதல் ராத்திரி. இனிமே யாராவது செஞ்சா, எழுத்தை எல்லாம் வடிவக்கோடா மாத்தி பிடிஎஃப்பா கொடுங்க, ஒரு அட்டை அடிச்சுக் காட்டினப்புறம்தான் மீதின்னு சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க.

பிப்ரவரி 21

மேலே சொன்ன துணிக்கடை ரசீதுகளைப் பற்றி ஒண்ணு விட்டுப்போச்சு. சிலதுல பின்பக்கம் ஜாவி எழுத்து, அதாவது அரபு எழுத்துல எழுதின மலாய் இருந்தது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கடையா இருக்கலாம்னு நினைச்சோம், எங்கள்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியலை. குழுவுல இருந்த ஒரே மலாய் மாணவி பத்து நிமிஷத்துல வாசிச்சா: பாக்கி எவ்வளவு, எந்தக் கிழமை தர்றதா சொன்னாங்க. அவளைத் "தமிழ்க் கண்காட்சிக்கு இவ எதுக்கு"ன்னு முதல்ல முணுமுணுத்தவங்க பேரை இங்கே சொல்ல மாட்டேன். அவங்களும் இதைப் படிக்கிறாங்க.

பிப்ரவரி 27

திறப்புவிழா கதை கேட்டீங்க.

காகிதத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ் போதும்பாங்க, அதுவும் மூணு மாசத்துக்கு மேல வெக்கக் கூடாது. எங்களுக்குக் கொடுத்த கூடம் முழுக்கக் கண்ணாடிச் சன்னல். கறுப்புத் துணி வாங்கித் தொங்கவிட்டோம். ஈரப்பதம் அதைவிடத் தலைவலி. பகல்ல குளிர்சாதனம் ஓடும், சாயங்காலம் அலுவலகம் மூடினதும் நிறுத்திருவாங்க, சிக்கனமாம். நம்ம ஊர்க் காத்து உள்ளே வரும். காகிதம் ராத்திரி உப்பிக்கும், பகல்ல சுருங்கும். இந்த ஏற்ற இறக்கமும் காகிதத்துக்குக் கெடுதல். பெட்டிக்கடியில சிலிக்கா ஜெல் பை வெச்சு, சின்ன அளவிக் கருவியும் வெச்சு, பிள்ளைங்க முறைபோட்டுப் பார்த்துக்கிட்டாங்க. ரொம்ப நைஞ்சதுக்கு நகல் மட்டும், நகல்னு எழுதியே வெச்சோம்.

இவ்வளவு கவனத்துக்கப்புறம் திறப்புவிழா அன்னைக்கு ஒரு பிரமுகர் பெட்டியைத் திறந்து புத்தகத்தைக் கையில கொடுங்க, போட்டோ எடுக்கணும்னார். இடக்கையில எண்ணெய்ப் பலகாரம், கறிபாப். பிள்ளைங்க என்னைப் பார்க்குது, நான் நூலகரைப் பார்க்கிறேன், நூலகர் தரையைப் பார்க்கிறார். கடைசியில அந்தக் கணக்கியல் பையன்தான் போய், "டத்தோ, சாவி வெச்சிருக்கிறவங்க தொழுகைக்குப் போயிருக்காங்க"ன்னான். சாவி அவன் பாக்கெட்டுல.

மார்ச் 3

கிள்ளான் மேடம் "மலாயாப் பல்கலைக்குத் தமிழ் நூல்கள் எல்லாம் அரசாங்கம் வாங்கிக் கொடுத்தது"ன்னு எழுதியிருக்காங்க. அப்படி முழுசாச் சொல்ல முடியாது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்சது. இந்திய இயல் துறை 1956-ல வந்தது. அதுல தமிழா சமஸ்கிருதமான்னு பெரிய சண்டை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்"னு நிதி திரட்டினார், பல்கலையில தமிழ் நூலகத்துக்காக. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளின்னு சாதாரண ஜனங்க கொடுத்தது. அதனாலதான் இந்த ஊர்ல பல்கலை நூலகத்துத் தமிழ் அலமாரின்னு சொன்னா எனக்கு ஒரு உரிமைக்குரல் வரும். அங்கே படிச்சதில்லை, இருந்தாலும் வரும்.

கூடவே இன்னொரு திருத்தம். முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னையிலன்னும் எழுதியிருக்காங்க, அப்படி இல்லை. 1966 ஏப்ரல்ல இங்கே கோலாலம்பூர்லதான், அப்போ இந்திய இயல் துறையில இருந்த தனிநாயகம் அடிகள் முன்னெடுப்புல. சென்னை 1968, இரண்டாவது.

மார்ச் 3, ராத்திரி

தடம் மாறிப் போறோம்னு தெரியும், ஆனா இதைச் சொல்லியாகணும். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸை எல்லாம் எவன் சேர்ப்பான்னு கேட்டீங்களே. செட்டிநாட்டுக் கோட்டையூர்ல ரோஜா முத்தையா சேர்த்தார். விளம்பரப் பலகை எழுதுற ஓவியர். அவர் இறந்தப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து வெச்சு, 1994-ல ஆராய்ச்சி நூலகமா ஆக்கினாங்க. நாடக நோட்டீஸும் அங்கே ஆவணம்தான். நம்ம பக்கம் அப்படி ஒரு கிறுக்கர் ஈப்போவுலயோ பட்டர்வொர்த்துலயோ இப்பவும் இருப்பார், வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டு.

மார்ச் 15

யோசிச்சுப் பார்த்ததுல, பிப்ரவரி 12-ல நான் எழுதினதுல ஒரு பக்கம்தான் இருக்கு. "பட்டியல் நூலகத்துக்குப் போச்சு"ன்னு சொன்னேன். போனது நிஜம். ஆனா அதைத் தேடல் பட்டியல்ல ஏத்த தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும். அங்கே தமிழ்ப் பேரை ரோமன் எழுத்துல, கோடும் புள்ளியும் போட்டு ஒரு முறைப்படி எழுதினாத்தான் ஏறும். ழ-வுக்கு ஒரு கோடு, ற-வுக்கு ஒரு கோடு. நாம தேடும்போது நம்ம இஷ்டத்துக்கு அடிப்போம், கிடைக்காது, "இல்லை"ன்னு நினைச்சுட்டுப் போயிருவோம். தமிழ் எழுத்துலயும் ஒரு வரி சேர்த்தா இந்தத் தொல்லை பாதி தீரும். பிள்ளைங்க இரண்டு வடிவத்துலயும் கொடுத்தாங்க. எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கப் போனேன், செக்ரோலும் நோட்டீஸும் ஏறியிருக்கு, ரசீதும் துண்டறிக்கையும் காத்துக்கிட்டிருக்கு.

அப்புறம் இந்தப் பிள்ளைங்க பட்டம் வாங்கிட்டுப் போயிருவாங்க. அடுத்த வருஷம் புதுக் குழு வந்தா கறுப்புத் துணியிலேர்ந்து ஆரம்பிக்கணும். அதனால "எங்கே வாங்கினோம், யார்கிட்ட கேட்டோம், எந்த அச்சுக்கடைக்குப் போகக் கூடாது"ன்னு ஒரு கையேடு எழுத வெச்சிருக்கேன். மதிப்பெண்ல பாதி அதுக்குத்தான். இதுக்கும் வெறுக்கிறாங்க.

மார்ச் 19

புச்சோங் ஐயா மறுபடி எழுதியிருக்கார்: "சரி, ஒத்துக்கிறேன், ஆனா நான் பார்த்த கண்காட்சியில செக்ரோல் மாதிரி எதுவும் இல்லையே, வெறும் மலர்கள்தானே."

இருக்கலாம். எல்லாக் கண்காட்சியும் நல்லா அமையாது. மேலட்டையை வரிசையா அடுக்கி "பாரம்பரியம்"னு தலைப்புப் போட்டதையும் பார்த்திருக்கேன், அதுக்கு ஒரு செமஸ்டர் அதிகம்தான். அடுத்த தடவை போனா அங்கே நிக்கிற பிள்ளையைக் கேளுங்க, "இதை ஏன் இந்தப் பக்கத்துல திறந்து வெச்சிருக்கீங்க?" பதில் இருந்தா வேலை நடந்திருக்கு. "மிஸ் வெக்கச் சொன்னாங்க"ன்னா நீங்க எழுதினது சரி.

ஏப்ரல் 2

தனிமடல்ல ஒரு தங்கச்சி கேட்டது, மத்தவங்களுக்கும் ஆகும்னு இங்கே. பாட்டியோட தகரப்பெட்டியில பழைய தாள்கள் இருக்காம், பல்கலைக்குக் கொடுக்கலாமா, அதுக்கு முன்னாடி லேமினேட் பண்ணிரட்டுமான்னு.

லேமினேட் பண்ணவே பண்ணாதேம்மா. சூடும் பசையும் போனா திரும்ப எடுக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம். கிழிஞ்சது கிழிஞ்சபடியே இருக்கட்டும். துருப்பிடிச்ச ஊசியை இழுத்துப் பிடுங்காதே. போட்டோ பின்னாடி பால்பாயின்ட் பேனாவால எழுதாதே. மென்மையான முனை இருக்கிற பென்சில்ல ஓரமா, யார் யார், எந்தத் தோட்டம்னு மட்டும். பாட்டி இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிரு. அடுக்கியிருக்கிற வரிசையைக் கலைக்காதே, எது எதோட சேர்ந்து இருந்ததுங்கிறதும் ஒரு தகவல்.

கொடுக்கும்போது எழுத்துமூலமா வாங்கு: எதையெல்லாம் கொடுத்தோம், யார் பார்க்கலாம், ஸ்கேன் பண்ணலாமா கூடாதா, வேண்டாம்னா திருப்பிக் கொடுப்பாங்களா. ஊர்ப் பேரையும் எழுதிக் கொடு. எங்க பெட்டிக்கு இன்னும் அது தெரியலை, கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.